அண்ணி வாங்கிய அலாய் வீல்

என் அண்ணி அபிதகுசாம்பாளிடம் ஒரு காரியத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், அது கட்டாயம் நடந்துவிடும். ஐம்பத்தாறு வயதில் அவர் கார் லைசென்ஸ் எடுத்ததும் அப்படித்தான். டிரைவிங் ஸ்கூல்காரர் இரண்டாம் நாளே, "உங்களுக்கு ஆட்டோ சௌகரியமா இருக்குமேம்மா" என்று இழுத்தாராம். மறுநாள் அவர் வந்து ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே அண்ணி வாசலில் போய் நின்றார்.

நான் சுபலட்சுமி, அவருடைய நாத்தனார். ஆரணியில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என் அண்ணன் சிவப்பிரகாசம் பட்டுப்புடவை வியாபாரி. அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அண்ணி வியாபாரத்தை மூடிவிட்டுச் சென்னையில் மகன் தீனாவோடு போய் இருந்துவிடுவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவரோ வருஷம் திரும்பியதும் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். தெள்ளார், சந்தவாசல், படவேடு என்று எங்கே கல்யாண வீடு என்று கேள்விப்பட்டாலும் அங்கே போய் விரித்துக் காட்டுவார். படவேட்டுப் பக்கம் பஸ் குறைவு. கல்யாணப் பெண் ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிற நேரம் பார்த்துப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அண்ணி மூட்டை கட்டுவார். பாதி வியாபாரம் இப்படியே போனது.

வீட்டில் கார் இல்லாமல் இல்லை. அண்ணன் பழையதாக வாங்கி ஒன்பது வருஷம் ஓட்டிய வெள்ளைக் கார், கேட்டுக்கு உள்ளே வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. மெக்கானிக் கோகுல்ராஜ் வந்து பேட்டரி மாற்றினதும் என்ஜின் கிளம்பிவிட்டது. ஆனால் நின்ற இடத்திலேயே நின்று டயர்கள் வெடித்துப் பிளந்திருந்தன. ரிம்மெல்லாம் துரு. புது டயர் போட்டாலும் இந்த ரிம்மில் காற்று நிற்காது, நாலையும் மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டான்.

இந்த நேரத்தில்தான் தீனா குறுக்கே வந்தான். அவன் கெட்டவன் இல்லை. அம்மா மூட்டை தூக்கி அலைவதை அவனால் தாங்க முடியவில்லை. அதை அன்பாகச் சொல்லத் தெரியாமல் கத்துவான், அவ்வளவுதான். கார் போய்விட்டால் அம்மாவுக்கு ஆரணியில் வேறு பிடிப்பு இருக்காது, தானாகச் சென்னைக்கு வந்துவிடுவார் என்பது அவன் எண்ணம். வாங்குவதற்கு ஓர் ஆளையும் பிடித்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டு நடந்த சண்டையை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஆள கூட்டிகினு வரேம்மா. வண்டி கேட்ட தாண்டி ரோட்டுக்கு வந்துச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். வரலன்னா குடுத்துடணும். நீயும் என்கூட கெளம்பிடணும்."

"சரி" என்றார் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் 'சரி'யில் வீடு, வியாபாரம், எங்கள் தெரு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதே. அண்ணி எதுவும் நடக்காத மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நானும் தீனா பக்கம்தான். மணல் லாரிகளுக்கு நடுவே அண்ணி காரோட்டிப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சக்கரத்துக்குப் போளூர் ரோட்டில் இருக்கும் எல்லப்பன் கடையைக் காட்டினான் கோகுல்ராஜ். பழைய வண்டிச் சாமான் கடை. பெரிய சக்கரம் போட ஆசைப்பட்டுப் பிள்ளைகள் கழற்றிப்போட்ட, துருப்பிடிக்காத அலாய் வீல்கள் அங்கே நல்ல டயரோடு கிடைக்கும் என்றான். அலாய் வீல் என்றதும் அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. புடவை எதுவானாலும் முதலில் கண்ணில் படுவது கரைதான், வண்டிக்கும் அதேதான் என்றார். பட்டு விற்கப் போகிறவள் துருப்பிடித்த சக்கரத்தில் போய் இறங்கினால் எவள் மதிப்பாள் என்று என்னையே கேட்டார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யார்?

வண்டியில் மாட்டியிருந்ததைக் கழற்ற ஜாக்கி வேண்டும் என்பதால், டிக்கியில் மாற்றுச் சக்கரமாகக் கிடந்த ஸ்டெப்னியை எடுத்து ஆட்டோவில் ஏற்றினோம். ஒரு தடவைகூடப் போடாத சக்கரம், மேலெல்லாம் தூசி. அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த அண்ணியைப் பார்த்து ஆட்டோக்காரர் கண்ணாடியில் சிரித்தார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

எல்லப்பன் பொறுமையான மனிதர். என்ன வண்டி, எந்த வருஷ மாடல் என்று கேட்டார். அண்ணி சொல்ல மறுத்துவிட்டார்.

"பேர நம்பக் கூடாதுங்க. சாம்பிள் கொண்டாந்திருக்கேன். இதுக்குப் பொருந்தறத எடுங்க."

இது எங்கள் பட்டுத் தொழிலில் ஊறிப்போன வழக்கம். சாயப் பட்டறைக்கு நூல் கொடுக்கும்போது வெறுமனே மாம்பழ மஞ்சள் என்று சொல்லி அனுப்பினால் தொலைந்தோம். உங்கள் மாம்பழம் வேறு, சாயக்காரர் மாம்பழம் வேறு. அதனால் எந்தப் புடவையின் நிறம் வேண்டுமோ அதிலிருந்து இரண்டு இழை உருவி, முடிச்சுப் போட்டுக் கூடவே அனுப்புவோம். அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துச் சாயம் ஏற்றுவார். முப்பது வருஷமாக அண்ணி இழையைக் காட்டாமல் ஒரு கண்டு நூல் வாங்கியதில்லை. கார்ச் சக்கரத்துக்கு மட்டும் மாறிவிடுவாரா?

வண்டியையே கொண்டுவந்துவிட்டால் கண்ணெதிரே மாட்டிப் பார்த்துவிடலாம் என்று எல்லப்பன் மெதுவாகச் சொன்னார். வண்டி இங்கே வர்ற நிலையில் இருந்தால் நான் ஏன் சக்கரம் வாங்க வருகிறேன் என்று கேட்டார் அண்ணி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எல்லப்பன் ஸ்டெப்னியைத் தரையில் கிடத்தி, அதன்மேல் ஓர் அலாய் வீலை வைத்து, நாலு ஓட்டை வழியாகவும் கம்பியை விட்டுப் பார்த்தார். நாலும் நேராக இறங்கின. அளவும் அதே அளவு. அண்ணி வெள்ளியில் பூவிதழ் மாதிரி விரிந்த செட்டைத் தேர்ந்தெடுத்தார். வெயிலுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணப் பெண்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

சனிக்கிழமை எல்லப்பனின் மினி வேன் வந்தது. கோகுல்ராஜ் ஜாக்கி வைத்துத் தூக்கி, துருப்பிடித்த நாலு சக்கரத்தையும் கழற்றி, காரைச் செங்கல் அடுக்கின்மேல் உட்கார வைத்தான். கழற்றியதை வேன்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பழைய இரும்பை எல்லப்பன் எடுத்து அன்றைக்கே உடைத்து எடைக்குப் போட்டுவிடுவதாகப் பேச்சு. அப்புறம் கோகுல்ராஜ் புதுச் சக்கரத்தைத் தூக்கிப் போல்ட்டில் வைத்தான். ஒரு ஓட்டை ஏறியது. மற்ற மூன்றும் ஏறவில்லை. திருப்பிப் பார்த்தான். அடுத்த சக்கரத்தை எடுத்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தான். வியர்வை வழிய நின்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஸ்டெப்னியை உருட்டி வந்து அதே போல்ட்டில் வைத்தான். அதுவும் ஏறவில்லை.

"அம்மா, இது இந்த வண்டி ஸ்டெப்னியே இல்லீங்க" என்றான். "இதுலயும் நாலு ஓட்டதான், ஆனா கிட்ட கிட்ட இருக்குது. உங்க வண்டி போல்ட்டு தள்ளித் தள்ளி. கண்ணுக்குத் தெரியாது. வேற எதோ வண்டிது இது."

நான் அவன்மேல் பாய்ந்தேன். என் அண்ணன் ஒரு புடவையில் ஒரே ஓர் இழை இழுத்திருந்தால்கூடத் திருப்பிக் கொடுக்கிறவர். அவர் காரிலா வேறு காரின் சக்கரம்? நீ சரியாக மாட்டத் தெரியாமல் என் அண்ணனைச் சொல்கிறாயா என்று கத்தினேன். அவன் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அண்ணன் வாங்குவதற்கு முன்பே எந்தப் பஞ்சர் கடையில் மாறியதோ, யாருக்குத் தெரியும்? அண்ணன் காலத்தில் ஒன்றிரண்டு பஞ்சர் ஆனதெல்லாம் ஆரணிக்குள்ளேயே, கடைக்குப் பக்கத்திலேயே ஆனது. ஸ்டெப்னியை வெளியே எடுக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

அண்ணி மிச்சமிருந்த செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவார் என்று நினைத்தேன். ஒரு வருஷம் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய்விட்டு அவரும் அண்ணனும் மழையில் திரும்பிய கதையைச் சொன்னார். மலையடிவாரத்து ரோட்டில் ஓர் ஆள் இல்லை, ஒரு வீடு இல்லை. அண்ணிக்குப் பயம். டயர் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சிரித்துக்கொண்டே, ஸ்டெப்னி இருக்கும்போது உனக்கென்ன பயம் என்றாராம். அதைச் சொல்லிவிட்டு அண்ணி அந்தச் சக்கரத்தின் தூசியைக் கையால் துடைத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. அண்ணன்மேல் கோபமும் வந்தது, செத்துப்போனவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை இட்லி ஆறுவதற்குள் தீனா வந்துவிட்டான், அந்த ஆளோடு. கார் செங்கல்மேல் நின்றது. சுற்றிலும் பளபளவென்று நாலு அலாய் வீல், மாட்ட முடியாமல். வாங்க வந்தவர் ஒரு சுற்று சுற்றிவந்தார். சாயங்காலம் மீட்பு வேன் அனுப்பித் தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருக்கு ஒரு பேஜாரும் இல்லை.

அவர் போனதும் தீனா ஆரம்பித்தான். எதற்கு அவசரப்பட்டாய், யாரைக் கேட்டு வாங்கினாய், ஒரு போன் பண்ணக் கூடாதா என்று அடுக்கிக்கொண்டே போனான். அண்ணி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவன் ஒன்று சொன்னான்.

"தெரியாத விஷயத்துல ஏம்மா எறங்கற? அப்பா இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா?"

அண்ணி எழுந்தார். ஸ்டெப்னியை அவன் காலடிக்கு உருட்டிவிட்டு, மாட்டுடா என்றார். ஏன் என்று கேட்டான். மாட்டு என்றார் மறுபடியும். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்கி வைத்தான். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது ஏறாது என்று அவனுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் அண்ணி காத்திருந்தார்.

"உங்கப்பா ஒம்பது வருஷம் இத டிக்கில வெச்சிகினு ஓட்டினாருடா" என்றார். "இது ஏறாதுன்னு அவருக்குத் தெரியாது. தெரியாமத்தான் உன்ன காலேஜுக்கு கூட்டிகினு போனாரு, என்ன கோயிலுக்கு கூட்டிகினு போனாரு. எல்லாம் தெரிஞ்சவங்கதான் வண்டி ஓட்டணும்னா அவரும் ஓட்டியிருக்கக் கூடாது."

தீனா சக்கரத்தைக் கீழே வைத்தான். கையெல்லாம் கரி. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் அழ அவகாசம் கொடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம இன்னும் முடியல. சுபா, போய்க் கத்திரிய எடுத்துகினு வா."

சாம்பிள் காட்டுகிற வழக்கத்தில் தப்பில்லை, இழையைத்தான் வேறு புடவையிலிருந்து உருவிவிட்டோம் என்றார். இந்தத் தடவை காரிலிருந்தே எடுக்கலாம் என்றார். உள்ளே போய்ப் பட்டுப்புடவைப் பெட்டி ஒன்றின் மூடியைக் கொண்டுவந்தார். கெட்டி அட்டை. சக்கரம் உட்காரும் இடத்தில் நடுவே ஒரு வட்டம் முண்டிக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றி நாலு போல்ட்டு. ஜாக்கெட் கழுத்துக்கு அட்டை வெட்டுகிற கை எனக்கு. நடு வட்டத்தை ஒரே சுற்றில் வெட்டிக் கொடுத்தேன். தீனா மூடியைப் பிடித்து நேராக அழுத்தினான். நாலு போல்ட்டும் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. கோணலாகிவிடாமல் அவன் அதை அவ்வளவு பதவிசாக எடுத்தான், இத்தனை நேரம் கத்திய பையனா இவன் என்று பார்த்தேன்.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் எல்லப்பன் கடைக்குப் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு, வீடு வரை ஒரு நடை நானே வந்து பார்த்திருக்கணும், என் தப்பும் இருக்குது என்றார் அவர். மூடியை எடுத்துக்கொண்டு போய் அடுக்கியிருந்த செட் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். பளபளப்பாக முன்னால் இருந்த எதிலும் சேரவில்லை. கடைசியில், பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு செட்டில் மூடியின் நாலு ஓட்டையும் சக்கரத்தின் நாலு ஓட்டையோடு அப்படியே சேர்ந்தன. இதழும் இல்லை, வெள்ளியும் இல்லை. சாம்பல் நிறம், சாதாரணக் கம்பிகள்.

அண்ணி ஒரு நிமிஷம் பூவிதழை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அப்புறம், சாம்பல் கரை வெள்ளைக்கு எடுப்பாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எல்லப்பன் உடனே நாலையும் ஏற்றிவிடவில்லை. ஓட்டை சேர்ந்தால் மட்டும் போதாது, சக்கரம் உள்பக்கம் எவ்வளவு ஆழம் போகிறது என்றும் பார்க்கணும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் எங்கேயும் உரசக் கூடாது என்றார். ஒன்றை மட்டும் கொண்டுபோய் முன்பக்கம் மாட்டிப் பாருங்கள், சரியாக இருந்தால் மிச்சம் மூன்றையும் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இதையும் திருப்பிவிடுங்கள் என்றார். பழைய இரும்பு ரிம்மின் நட்டு இதில் சரியாக உட்காராது என்று தனி நட்டும் கொடுத்தார். தீனா ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டான். அண்ணி அவனுக்கும் மேலே கேட்டார்.

கோகுல்ராஜ் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தான். சக்கரத்தைத் தூக்கி வைத்தான். தள்ள வேண்டியிருக்கவே இல்லை, போய் உட்கார்ந்தது. அவன் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அண்ணி ஸ்டியரிங் முன் ஏறி உட்கார்ந்தார். தீனா நல்ல சட்டையோடு தரையில் படுத்து, போன் டார்ச்சைச் சக்கரத்துக்கு உள்ளே அடித்துப் பார்த்தான். இடது பக்கம் முழுக்க ஒடித்தார். வலது பக்கம் முழுக்க ஒடித்தார்.

"எங்கயும் உரசலம்மா" என்றான் தரையிலிருந்தே. "இன்னொரு தடவ ஒடி." இன்னொரு தடவை ஒடித்தார். "உரசல."

மிச்சம் மூன்றும் வந்து, பூவிதழ் நாலும் அதே வேனில் திரும்பிப் போயின. கோகுல்ராஜ் செங்கல்லை எடுத்து, ஜாக்கியை இறக்கினான். கார் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி தரையில் அமர்ந்தது. அண்ணி உள்ளே போய் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, மூட்டையோடு வந்தார். சந்தவாசலில் ஒரு கல்யாண வீட்டில் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்களாம். என்னைப் பின்சீட்டில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் கதவைத் திறந்து ஏறியிருந்தேன். தீனா முன்சீட்டில் ஏறினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

கேட்டைத் திறந்தால் தெருமுனையில் அந்த மீட்பு வேன் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு இரண்டு வண்டிக்குப் போதாது. தீனா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பின்னால் எடுக்கச் சொன்னான். வேன்காரருக்குப் புரியவில்லை. இந்த வண்டியைத்தானே தூக்க வந்தேன் என்று கேட்டார்.

"இது ஓடற வண்டிங்க" என்றான் தீனா. "வழி விடுங்க."

வேன் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. அண்ணி கிளட்சை விட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. கேட்டுக்குப் பாதி உள்ளே, பாதி வெளியே. தெருவில் நாலு பேர் வந்து நின்றார்கள். தீனாவின் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போனது.

"கைய எடு" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை.

தீனா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அண்ணி சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்தது. கேட்டைத் தாண்டி, வேனைத் தாண்டி, கார் போளூர் ரோட்டுக்குத் திரும்பியது. தீனா வழி நெடுக ரோட்டைப் பார்க்கவே இல்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தான்.